போர்ச் சட்டத்துல பேப்பர் எழுதப் போறீங்களா, முதல்ல இதப் படிங்க

தர்மபுரில லா படிக்கிற ஜூனியர்ஸ் ரெண்டு மூணு பேரு, போர்ல சாதாரண ஜனங்க சாகறத பத்தி பேப்பர் எழுதணும், எங்கிருந்து ஆரம்பிக்கிறதுன்னு கேட்டாங்க, அதான் எழுதறேன்.

எடுத்த உடனே எத்தன பேரு செத்தாங்கன்னு தேடாதீங்க. ரெண்டு நாட்டுக்கு நடுவுல நடந்த சண்டையா, ஒரு நாட்டுக்குள்ளயே நடந்ததான்னு முதல்ல முடிவு பண்ணுங்க, எந்தச் சட்டம் பொருந்தும்ங்கறதே அதுலதான் இருக்கு. நான் 2009 ஈழப்போருக்கு, ஜெனீவா ஒப்பந்தத்தோட சேர்த்த 1977 முதல் ப்ரோட்டோகால்ல சாதாரண ஜனங்களுக்குப் பாதுகாப்பு சொல்ற ஆர்ட்டிகிள் 51-ஐ போட்டு எழுதி, கைடு மொத்த சாப்டரையும் திருப்பிக் குடுத்துட்டாரு. அது நாட்டுக்கு நாடு நடக்கற போருக்கு, அதுவுமில்லாம இலங்கை அந்த ப்ரோட்டோகால்ல சேரவே இல்ல, நம்ம இந்தியாவும்தான் சேரல. அப்ப கையில இருக்கறது 1949 ஜெனீவா ஒப்பந்தம் நாலுலயும் பொதுவா வர்ற ஆர்ட்டிகிள் 3, அப்புறம் வழக்காற்றுச் சட்டம், அதாவது ஒப்பந்தத்துல கையெழுத்து போடலன்னாலும் நாடுங்க வழக்கமா கடைப்பிடிச்சு வந்ததால எல்லாரையும் கட்டுப்படுத்தற சட்டம். சர்வதேச செஞ்சிலுவைக் குழு 2005-ல அத 161 விதியா தொகுத்துச்சு, நெட்லயே ஃப்ரீயா இருக்கு. விதி 14-ம் (ராணுவ லாபத்தவிட ஜனங்களுக்கு வர்ற சேதம் மிதமிஞ்சி இருக்கும்னா அடிக்கக் கூடாதுங்கறது) 28-ம் (ஆஸ்பத்திரி மாதிரி மருத்துவ இடங்களுக்குப் பாதுகாப்பு) நிதானமா படிங்க.

14-ல தான் நிறைய பேரு சறுக்கறாங்க. நிறைய பேரு செத்துட்டாங்க அதனால குற்றம்னு எழுத முடியாது, அடிக்கறதுக்கு முன்னாடி உத்தரவு போட்டவருக்கு என்ன தெரியும், எவ்ளோ சேதம் எதிர்பார்த்தாரு, ராணுவத்துக்கு என்ன லாபம் எதிர்பார்த்தாருங்கறதுதான் கேள்வி. இலங்கைல புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரி மேல ஷெல் விழுந்தத எழுதறப்ப, அது ஆஸ்பத்திரின்னு அடிச்சவங்களுக்கு முன்னாடியே தெரியும்ங்கறதுக்கான ஆதாரம்தான் உங்களுக்கு முக்கியம், சாவுக்கணக்கு அதுக்கு அப்புறம்.

கணக்கு எழுதறப்ப வார்த்தைல கவனம் வேணும். 2011 ஐ.நா. நிபுணர் குழு சொன்னது கடைசிக் கட்டத்துல 40,000 பேர் வரைக்கும் இறந்திருக்கலாம்ங்கற கணிப்ப தள்ளிவிட முடியாதுன்னு, அத "40,000 பேர்னு ஐ.நா. உறுதி பண்ணுச்சு"ன்னு எழுதாதீங்க, எதிர்தரப்பு அத ஒண்ண பிடிச்சுக்கிட்டு மொத்த பேப்பரையும் ஒதுக்கிடும். தேதி, இடம், யாரு எண்ணுனாங்க, எப்படி எண்ணுனாங்கன்னு நாலு காலம் (column) போட்டு ஒரு எக்ஸெல் வெச்சுக்கோங்க.

நம்ம மாவட்டத்துலயும் கிருஷ்ணகிரிலயும் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கறதால நேர்ல கேக்கணும்னு தோணும். அனுமதி வாங்கிட்டு போங்க, பேரு எழுதாதீங்க, ரெக்கார்டர எடுக்கறதுக்கு முன்னாடி கேளுங்க. ஒரு அக்கா நல்லா பேசிட்டே இருந்தவங்க, பங்கர்னு (ஷெல்லுக்கு பதுங்கற குழி) நான் கேட்டதும் அடுப்ப பாத்துட்டு வரேன்னு எந்திரிச்சாங்க, அடுப்பு அணைஞ்சுதான் இருந்துச்சு. நோட்ட மூடி பைல வெச்சிட்டேன், அப்புறம் டீ குடிச்சிட்டு அவங்க பையன் ப்ளஸ் டூ மார்க்க பத்திதான் பேசிட்டிருந்தோம்.