நுரையீரல் புற்றுநோயும் தீவிர இடைவெளிப் பயிற்சியும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நோய் வந்துவிட்டது, இனி ஓய்வுதான் என்று நுரையீரல் புற்றுநோயாளியைப் படுக்கையோடு நிறுத்திவிடுவதே பல வீடுகளில் நடக்கும் முதல் தவறு. அசையாமல் கிடந்தால் தசை கரைகிறது. தசை கரைந்தவருக்குக் குளியலறைவரை நடப்பதற்கே மூச்சிரைக்கிறது. அந்த இரைப்புக்கு அஞ்சி அவர் மேலும் படுக்கிறார். இந்தச் சுழலை உடைக்கும் வழிகளில் ஒன்றுதான், சற்று வேகமும் சற்று ஓய்வுமாக மாறி மாறிச் செய்யும் இடைவெளிப் பயிற்சி. அறுவை சிகிச்சைக்குக் காத்திருந்தவர்களிடம் சுவிட்சர்லாந்தில் நடத்தி 2017இல் வெளியிட்ட ஆய்வில், சைக்கிளை 15 வினாடி வேகமாக மிதித்து 15 வினாடி ஓய்வெடுக்கும் முறையில் பயின்றவர்களின் உடல்திறன் கூடியது. அறுவைக்குப் பிந்தைய நுரையீரல் சிக்கல்களும் அவர்களிடம் குறைவாக இருந்தன. அது கண்காணிப்புடன் நடந்த பயிற்சி என்பதை மறந்து, நலமாக உள்ளவர்களுக்கான வீடியோவைப் பார்த்து அப்படியே செய்வது அடுத்த தவறு.

‘தீவிரம்’ என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஒருவருக்கு அது வேகமான சைக்கிள் மிதிப்பு. இன்னொருவருக்கு நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து அமர்வதே தீவிரம்தான். 220இலிருந்து வயதைக் கழித்துக் கிடைக்கும் நாடித்துடிப்பை இலக்காக வைத்துக்கொள்வதும் பிழையாகிவிடும். ஏனெனில் ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் தரப்படும் பீட்டா பிளாக்கர் மாத்திரை துடிப்பை ஏறவிடாது, ரத்தசோகையோ சிறு அசைவுக்கே அதை ஏற்றிவிடும். பேச்சை வைத்து அளப்பதே எளிது. வேகப் பகுதி முடியும்போது ஓரிரு சொற்களே வரலாம். ஆனால் ஓய்வின் முடிவில் ஒரு முழு வாக்கியத்தைத் திணறாமல் சொல்ல முடிய வேண்டும். முடியாவிட்டால் ஓய்வை நீட்டுங்கள், அடுத்த சுற்றுக்கு அவசரப்படாதீர்கள்.

விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரை முழுதாக நம்புவதும் ஆபத்து. கைப்பிடியை இறுகப் பற்றிய விரலிலும், குளிர்ந்த விரலிலும், நகப்பூச்சு உள்ள விரலிலும் அது தவறான எண்ணைக் காட்டக்கூடும். பல நுரையீரல் மறுவாழ்வுத் திட்டங்களில் ஆக்சிஜன் அளவு 88 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் பயிற்சியை நிறுத்திவிடுகிறார்கள். எண் நன்றாக இருந்தும் மூச்சுத் திணறினால், திணறலையே நம்ப வேண்டும்.

என்னை மிகவும் கவலைப்பட வைக்கும் தவறு ஒன்று உண்டு. இம்யூனோதெரபியோ (நோய் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் சிகிச்சை) கதிர்வீச்சோ பெற்றவருக்குப் புதிதாக வறட்டு இருமலும் இரைப்பும் வரும்போது, ‘பயிற்சி போதவில்லை’ என்று எண்ணி அவர் இன்னும் வேகமாக மிதிக்கிறார். அது சிகிச்சையால் வந்த நுரையீரல் அழற்சியாக இருக்கலாம். திடீர் மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, ஒரு காலில் மட்டும் வீக்கம் ஆகியவை ரத்தக்கட்டியின் அறிகுறிகளாக இருக்கலாம். இருமலில் ரத்தம் வந்தாலும் பயிற்சியை நிறுத்திவிட்டு உடனே மருத்துவ உதவியை நாட வேண்டும்.

புற்றுநோய் எலும்புக்குப் பரவியிருப்பதைப் பயிற்சியாளரிடம் சொல்லாமல் விடுவதும் தவறு. குதிப்பதும் முதுகை முறுக்குவதும் பலவீனமான எலும்பை முறித்துவிடலாம். கீமோதெரபி நாட்களில் 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் இருந்தாலோ, ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களோ ஹீமோகுளோபினோ மிகவும் குறைந்திருந்தாலோ, மருத்துவர் சொல்லும்வரை வேகப் பயிற்சி கூடாது.

கடைசிச் சுற்று முடிந்ததும் சட்டென்று உட்கார்ந்துவிடாமல் சில நிமிடங்கள் மெதுவாக மிதித்துக்கொண்டே இருங்கள். திடீரென நிறுத்தினால் ரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றக்கூடும்.