ஆய்வுக் கட்டுரையை நடுவிலிருந்து எழுதத் தொடங்குங்கள்

ஆய்விதழுக்கு (ஜர்னல்) அனுப்பிய என் முதல் கட்டுரை நான்காம் நாளே திரும்பி வந்துவிட்டது. கட்டுரையை மதிப்பிடும் சக ஆய்வாளரான ரெவ்யூவர் கைக்குக்கூடப் போகவில்லை, எடிட்டரே நிராகரித்துவிட்டார். சோதனைகளில் பிழை இல்லை. தீசிஸின் முதல் அத்தியாயத்தை அப்படியே வெட்டி ஒட்டி ஆறு பக்க முன்னுரையாக்கியிருந்தேன். நான் எதைக் கண்டுபிடிக்கக் கிளம்பினேன் என்பது ஐந்தாம் பக்கத்தில் புதைந்து கிடந்தது. அவ்வளவு தூரம் தேடி வர எந்த எடிட்டருக்கும் நேரமில்லை.

அன்றிலிருந்து எந்தக் கட்டுரையையும் நான் முன்னுரையில் தொடங்குவதில்லை. படங்களும் அட்டவணைகளும்தான் முதலில். எல்லாவற்றையும் அச்செடுத்து மேசையில் பரப்புவேன். ஒவ்வொன்றின் கீழும் அது சொல்லும் சேதியைப் பென்சிலால் ஒரே வாக்கியத்தில் எழுதுவேன். வாக்கியம் வராத படம் கட்டுரைக்குத் தேவையில்லை. எத்தனை மாத உழைப்பானாலும் அதைப் பின்னிணைப்புக்கு அனுப்பிவிடுங்கள். மிஞ்சியவற்றை முன்னும் பின்னும் மாற்றி வைத்துப் பாருங்கள். அந்தப் பென்சில் வாக்கியங்களை மட்டும் படித்தாலே கதை ஓடினால், 'முடிவுகள்' பகுதியின் எலும்புக்கூடு தயார். அங்கே கண்டதை மட்டும் சொல்லுங்கள். ஏன் அப்படி நடந்தது என்பது விவாதத்தில் வரட்டும்.

அடுத்து முறைகள். செய்து முடித்த வேலை என்பதால் இறந்தகாலத்தில் எழுதுங்கள். எத்தனை மாதிரிகள், எந்த வெப்பநிலை, எத்தனை முறை திரும்பச் செய்தீர்கள், மென்பொருளின் எந்தப் பதிப்பு என எதையும் விடாதீர்கள். எழுதியதை வேறு ஆய்வகத்து நண்பர் ஒருவரிடம் கொடுத்து, "இதை மட்டும் வைத்துச் செய்வாயா?" என்று கேளுங்கள். அவர் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் நீங்கள் விட்டுவிட்ட ஒரு வரி. பங்கேற்பாளர்களைச் சீரற்ற முறையில் குழுக்களாகப் பிரித்துச் செய்யும் மருத்துவச் சோதனை என்றால் கன்சார்ட், ஒரு கேள்வி குறித்து ஏற்கெனவே வந்த ஆய்வுகளைத் திரட்டி அலசும் முறைசார் மீளாய்வு என்றால் 27 அம்சங்கள் கொண்ட பிரிஸ்மா 2020 என்று சரிபார்ப்புப் பட்டியல்கள் இருக்கின்றன. எழுதி முடித்தபின் அல்ல, எழுதும்போதே பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போதுதான் முன்னுரை. மூன்று, நான்கு பத்தி போதும். இதுவரை என்ன தெரியும், என்ன தெரியவில்லை, அதற்கு நாங்கள் என்ன செய்தோம். டிஎன்ஏவின் இரட்டைச் சுருளை அறிவித்த வாட்சன், கிரிக் கட்டுரை 1953இல் வெளியானது. அச்சில் ஒரு பக்கத்தைச் சற்றே தாண்டும். டிஎன்ஏ உப்புக்கு ஓர் அமைப்பை முன்வைக்க விரும்புகிறோம் என்று முதல் வாக்கியத்திலேயே வந்த விஷயத்தைச் சொல்லிவிடுகிறது.

விவாதத்தின் முதல் பத்தி, முன்னுரையின் கடைசிப் பத்தி கேட்ட கேள்விக்கு நேரான பதிலாக இருக்க வேண்டும். இரண்டையும் அடுத்தடுத்து வைத்து உரக்கப் படியுங்கள். கேள்வி ஒன்றாகவும் பதில் வேறொன்றாகவும் இருந்தால், பெரும்பாலும் திருத்த வேண்டியது கேள்வியைத்தான். ஆய்வு போகப் போகத் திசை மாறியிருக்கும். உங்கள் ஆய்வின் குறைகளை நீங்களே சொல்லிவிடுங்கள். ரெவ்யூவர் எப்படியும் பார்த்துவிடுவார்.

சுருக்கத்தைக் கடைசியில் எழுதுங்கள், ஆனால் அதிக நேரம் அதற்கே கொடுங்கள். பலரும் படிக்கப்போவது அதை மட்டும்தான். நான் ரெவ்யூ செய்யும் கட்டுரைகளில் அடிக்கடி பார்க்கும் வரி: "உப்பு முளைப்பைப் பாதிப்பது குறித்து ஆராயப்பட்டு முடிவுகள் விவாதிக்கப்பட்டுள்ளன." இதில் சேதியே இல்லை. ஒரு பேச்சுக்கு இப்படி வைத்துக்கொள்வோம்: "உப்பின் செறிவை இரட்டிப்பாக்கியபோது முளைப்பு 82 சதவீதத்திலிருந்து 41 ஆகச் சரிந்தது." இந்த ஒரு வரி போதும், படிப்பவர் மேலே படிப்பார். தலைப்புக்கும் இதே கணக்குதான்.

ஆசிரியர் பெயர் வரிசையை எழுதத் தொடங்குமுன்பே பேசி முடித்துவிடுங்கள். கட்டுரை தயாரான பிறகு இந்தப் பேச்சை எடுத்து நல்ல நட்புகள் முறிந்ததைப் பார்த்திருக்கிறேன். நீங்கள் குறிவைக்கும் ஜர்னலின் ஆசிரியர் வழிகாட்டியை வரி வரியாகப் படித்து, சொல் எண்ணிக்கை, மேற்கோள் பாணி எல்லாம் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். பிறகு ஒரே ஒரு ஜர்னலுக்கு அனுப்புங்கள். அங்கிருந்து பதில் வரும்வரை இன்னொன்றுக்கு அனுப்பக் கூடாது.