உயிர் இரையை வாளியில் சாகவிடாமல் காப்பது: மும்பைக் கரையில் தூண்டில் போடுவோருக்கு

வடமேற்கு மும்பையின் மனோரிக் கழிமுகத்தில் கொடுவா, காலா மீன்களுக்குத் தூண்டில் போடுகிறவர்களுக்கு, இரையாகக் கோர்க்கும் மடவை மீன் துடிப்பதற்கும் செத்துக்கிடப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை எடுத்துச் சொல்லத் தேவையில்லை. அந்த மடவையை விடியற்காலையிலிருந்து பத்து மணி வெயில் வரை உயிரோடு வைத்திருப்பதில்தான் நம்மில் பலர் தடுமாறுகிறோம். வாளியிலுள்ள இரை பெரும்பாலும் மூச்சுமுட்டித்தான் சாகிறது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், செய்ய வேண்டியவை யாவும் தாமாகவே விளங்கும்.

சில ஆண்டுகளுக்கு முன், மாஹிம் பக்கம் வீச்சுவலையில் பிடித்த இருபத்தைந்து மடவைக் குஞ்சுகளை ஒரே வாளியில் போட்டு, மூடியை இறுக்கி, ஸ்லோ லோக்கலில் மலாடு வரை கொண்டுபோனேன். அந்தேரி தாண்டி மூடியைத் திறந்து பார்த்தபோது எல்லாம் மேலே வந்து வாய் பிளந்துகொண்டிருந்தன; இறங்கும்போது ஆறுதான் மிஞ்சின. அன்றிலிருந்து இரையை ரயிலில் ஏற்றுவதே இல்லை. மார்வேயில் படகேறி அக்கரையிலுள்ள மனோரிக்குப் போய், மீன்பிடிக்கும் இடத்துத் தண்ணீரிலேயே இரையையும் பிடிக்கிறேன். பாதிச் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடுகிறது.

கடல்நீர் 20 பாகை செல்சியசில் லிட்டருக்கு ஏறத்தாழ 7.4 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 30 பாகையில் அது 6.2 அளவுக்குக் குறைந்துவிடும். அதே வெப்பத்தில் மீனின் உடல் வேகமாக இயங்குவதால் அதற்கு வேண்டிய ஆக்சிஜனோ கூடிவிடுகிறது. ஆகவே வெயிலில் வைத்த வாளி இரண்டு பக்கமும் இரையை நெருக்குகிறது. இதோடு, செவுள் வழியாக மீன் வெளியேற்றும் அம்மோனியாவும் அந்தச் சிறிதளவு தண்ணீரிலேயே தேங்குகிறது.

முதலில் எண்ணிக்கையைக் குறையுங்கள். பதினைந்து லிட்டர் தண்ணீருக்கு, நீரில் காற்றைச் செலுத்தும் ஏரேட்டர் ஓடினாலும், விரல் நீள மடவை எட்டுக்கு மேல் நான் போடுவதில்லை. ஒன்பதாவதாக ஒன்றைச் சேர்க்கும் ஆசை மற்ற எட்டையும் கெடுக்கும். பிடித்தவற்றில் செதில் உதிர்ந்தவற்றையும் பக்கவாட்டில் சாய்ந்து நீந்துகிறவற்றையும் உடனே தனியே எடுத்துவிட வேண்டும். செத்த ஒன்று வாளியில் கிடந்தால் தண்ணீர் விரைவாகக் கெடும்.

பாத்திரம் வட்டமாக இருப்பது நல்லது. சதுரப் பெட்டியின் மூலைகளில் மடவை முட்டி முட்டி மூக்கைச் சிவக்க வைத்துக்கொள்ளும். வெப்பத்தைத் தடுப்பதில் தெர்மோகோல் பெட்டிக்கு நிகரில்லை என்பதால், வட்ட வாளியைத் தெர்மோகோல் பெட்டிக்குள் இறக்கி, மேலே ஈரச் சாக்கைப் போர்த்துகிறேன். பழைய பெயிண்ட் வாளியும் சோப்புத்தூள் வாளியும் எத்தனை முறை கழுவினாலும் இதற்கு உதவா.

தண்ணீரைக் கடல் ஏற்றத்தின்போது எடுங்கள். கடல் வடியும் வற்றத்தில் நகரத்துக் கழிவு கலந்து வருகிற கரிய நீரில் ஆக்சிஜன் மிகக் குறைவு. மாஹிம் கழிமுகத்தின் ஓரம் நின்றவர்களுக்கு அந்த வாடை தெரியும். மழைக்காலத்தில் நன்னீர் மேலே மிதந்து உப்புநீர் அடியில் தங்குவதால், மேல்நீரை அள்ளாமல் வாளியைக் கயிற்றில் கட்டி ஆழத்துக்கு இறக்கி எடுக்க வேண்டும். மடவை உப்பின் மாற்றத்தைத் தாங்கும். இறால் திடீர் மாற்றத்தில் துவண்டுவிடும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருப்பதால் அதை ஒரு குவளைகூட ஊற்றலாகாது.

வலையிலிருந்து வந்த மீன் முதல் அரைமணி நேரத்தில் நிறையக் கழிக்கும். அந்தத் தண்ணீரை முழுவதும் மாற்றிவிட்டு, பிறகு அரைமணிக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கை மாற்றினால் போதும். மேலே நுரை கட்டி, குமிழி உடையாமல் நின்றால், மணி பார்க்காமல் மாற்றுங்கள்.

பேட்டரியில் ஓடும் சிறிய ஏரேட்டர் கிராஃபோர்டு மார்க்கெட்டின் மீன்தொட்டிக் கடைகளில் கிடைக்கும். மாற்று பேட்டரியை மறவாமல் எடுத்துச் செல்ல வேண்டும். குளிர்ச்சிக்குப் பனிக்கட்டியை நேரே போட்டால் நன்னீரும் குளோரினும் கலக்கும். அரை லிட்டர் பாட்டிலில் தண்ணீரை உறையவைத்து, துணி சுற்றி, ஒரு நேரத்தில் ஒன்று மட்டும் மிதக்கவிடுங்கள். வெப்பம் மெல்லக் குறைய வேண்டும். சட்டென்று குளிர்ந்தால் மீன் விறைத்துப்போகும்.

படகுத்துறை போல நீர் அடங்கிய இடம் வாய்த்தால், துளையிட்ட வாளியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவதே எல்லாவற்றிலும் சிறந்தது. ஆனால் மும்பையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே நான்கு மீட்டருக்கு மேல் வித்தியாசம் வரும் என்பதால், கயிற்றை நீளமாக வைத்து, அரைமணிக்கு ஒருமுறை பார்த்துத் தளர்த்த வேண்டும். இல்லையேல் வாளி அந்தரத்தில் தொங்கி நிற்கும். அலை மோதும் பாறையில் இது வேண்டாம்.

இறாலின் நலத்தை அதன் உடலே சொல்லும். நல்ல இறால் கண்ணாடி போல இருக்கும். ஊடே குடலின் கருங்கோடு தெரியும். வால்சதை பால் போல வெளுக்கத் தொடங்கினால் அது தளர்ந்துவிட்டது, அதை முதலில் தூண்டில் முள்ளில் கோர்த்துவிடுங்கள். தண்ணீர் போதாதபோது, கடல்நீரில் நனைத்துப் பிழிந்த சாக்கில் இறாலை ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பிச் சுருட்டி, குளிர்ந்த பெட்டியில் வைத்தால் செவுள் ஈரமாக இருக்கும் வரை அது பிழைத்துக் கிடக்கும். மும்பையின் மீனவச் சமூகத்தாரான கோலிகள் நிவ்டி என்று அழைக்கும், சேற்றில் துள்ளும் மீனுக்கும் ஈரத்துணியும் விரலளவு நீருமே போதும்.

வாளிக்குள் கையை விடாமல் சிறு கைவலையால் அள்ளுங்கள். கழிமுகத்தில் கொசு அதிகம் என்று பூசிய மருந்து கையில் இருந்தால், முதலில் மணலும் கடல்நீரும் கொண்டு தேய்த்துக் கழுவ வேண்டும். மடவையின் மேலுதட்டிலோ முதுகுத்துடுப்புக்குக் கீழே தோலையொட்டியோ முள்ளை ஏற்றலாம். நீரோட்டத்தில் நிறுத்தும்போது உதடுதான் சரி. இறாலுக்குத் தலைக்கொம்பின் அடியில், உள்ளே தெரியும் கரும்பொட்டைத் தொடாமல் குத்த வேண்டும்; அந்தப் பொட்டில் முள் பட்டால் உடனே செத்துவிடும். கோலை விசுக்கென்று வீசாமல், ஊஞ்சலாட்டி மெதுவாக எறியுங்கள்.

மிஞ்சிய இரையை வீட்டுக்கோ வேறு நீர்நிலைக்கோ கொண்டுபோகக் கூடாது. கடைசிப் படகுக்கு முன், வாளியில் கழிமுகத்து நீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, வெப்பம் ஒத்துவந்த பிறகு வாளியைக் கரையோர நீரில் சாய்த்துப் பிடித்தால், அவை தாமாகவே நீந்திப் போய்விடும்.