கேம்பஸ்காரங்களோட சேர்ந்து வேலை செய்யப்போற தோட்டத்து சங்கங்களுக்கு

கொஞ்ச வருஷத்துக்கு முன்னுக்கு எங்க தோட்டத்து லயத்துக்கு (வரிசை வீடுகளுக்கு) கேம்பஸ் புள்ளைகள், அதாவது பல்கலைக்கழக மாணவர்கள் வந்து பீலி (மலை ஊத்துக் குழாய்) தண்ணிய சின்னச் சின்ன போத்தல்ல புடிச்சி, லேபல் ஒட்டி, வீடு வீடா வயித்தோட்டம் பத்தி கேட்டு எழுதிட்டு போனாங்க, அம்மா எல்லாருக்கும் பிளேன்டீ ஊத்திக் குடுத்தாங்க. அந்த தண்ணிய குடிக்கலாமா கூடாதான்னு இன்னிக்கு வரைக்கும் ஒருத்தரும் வந்து சொல்லல. அதனால மாதர் சங்கமோ வாசிகசாலையோ, யாரா இருந்தாலும் முதல் நாளே கேளுங்க: ரிசல்ட் எப்ப வரும், தமிழ்ல வருமா, யாரு வந்து விளங்கப்படுத்துவாங்க?

அவங்க வர்ற வரைக்கும் காத்திருக்காம நம்ம பிரச்சினைய நாமளே கொண்டு போகலாம். தண்ணி, பாதைன்னா பேராதனையில பொறியியல் பீடம், வெத்தில போட்டு வாய்ப்புண்ணு வந்தவங்க நெறய இருந்தா பல் மருத்துவ பீடம், பதுளைப் பக்கம்னா ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம். இறுதி வருஷ புள்ளைகள் ஆராய்ச்சிக்கு தலைப்பு தேடுற நேரத்துல பீடாதிபதிக்கு ஒரு பக்க கடிதம் குடுத்தா நம்ம கேள்வியே அவங்க தலைப்பா ஆகலாம்.

பெரும்பாலான தோட்டங்கள் 1992ல இருந்து கம்பெனிகள் கையில, அதனால துரைகிட்ட (தோட்ட மேனேஜர்கிட்ட) அனுமதி கடிதம் எடுக்கணும். ஆனா பேட்டி எடுக்கிற எடத்துல ஆபிஸ் ஆள் யாரும் உக்காரக்கூடாது, உக்காந்தா நம்ம சனம் வாய் தெறக்காது. காலைல பெரட்டு (வேலைக்கு ஆள் பிரிக்கிற) நேரத்துல கூட்டம் வைக்க விடாதீங்க, கொழுந்து கொறஞ்சா அரைப் பேருதான் (பாதி நாள் சம்பளம்தான்) போடுவாங்க, அந்த நட்டத்த யாரு தருவா? ஞாயித்துக்கிழமை வைங்க, இல்லன்னா அந்த நாள் சம்பளத்த புரொஜெக்ட் காசுல சேக்க சொல்லுங்க. சம்மதப் படிவத்த தமிழ்ல வாசிச்சிக் காட்டணும், வேணாம்னு சொல்றவங்கள வற்புறுத்தக்கூடாது, எதிக்ஸ் கமிட்டி (ஆராய்ச்சி நெறியா நடக்குதான்னு பாக்கிற குழு) அனுமதி இருக்கான்னும் கேக்கலாம், அது நம்ம உரிமை.

புரிந்துணர்வு ஒப்பந்தம்னா பெரிய பைல் வேணும்னு இல்ல, யாரு என்ன செய்வாங்க, போட்டோவ எங்க போடுவாங்க, எங்க புள்ளைகள் ரெண்டு பேருக்கு அதுல சம்பளத்தோட வேலை உண்டா, இவ்வளவு எழுதி ரெண்டு பக்கமும் கையெழுத்து வச்சா போதும்.

ஒண்ணு மட்டும் விட்றாதீங்க. கொஸ்லந்த மீரியபெத்தை தோட்டத்துல 2014 ஒக்டோபர் 29 மண்சரிவுக்கு பல வருஷம் முன்னுக்கே ஆபத்துன்னு சொல்லப்பட்டிருந்திச்சு, சனம் அங்கயேதான் இருந்திச்சு. அதனால ரிசல்ட் சொல்ற கூட்டத்துக்கு கிராம சேவகர், பிரதேச செயலகம், துரை மூணு பேரும் வரணும்னு ஒப்பந்தத்துலயே போடுங்க, தேதியையும் எடத்தையும் சேத்து எழுதுங்க, எங்க தோட்டத்துலன்னா புள்ளக் காம்பரா (சின்னப் புள்ளைகள பாத்துக்கிற எடம்).