ஹான்ஃபு காஸ்பிளேயா? முதலில் கழுத்துப்பட்டையைப் பாருங்கள்

காஸ்பிளேயில், அதாவது கதாபாத்திரம் போல உடுத்திக்கொள்வதில், ஹான்ஃபு என்ற சீனப் பாரம்பரிய உடையில் 'தி அபோதகரி டைரீஸ்' என்ற ஜப்பானிய அனிமேயின் நாயகி மாவோமாவோ வேஷம் போடுகிறவர்கள் விக்குக்கும் துணிக்கும் தாராளமாகச் செலவழிப்பார்கள். கோட்டை விடுவது கழுத்துப்பட்டையில்தான்.

ஹான்ஃபுவில் உடுத்துபவரின் இடப்பக்கத் துணி மேலே வந்து வலப்பக்கத்தை மூட வேண்டும். மாற்றிப் போட்டால் அது பிணத்துக்கு உடுத்தும் முறை. எது இடம், எது வலம் என்று குழம்பினால் வலது கையை மார்புப் பக்க மடிப்புக்குள் விட்டுப் பாருங்கள். சுலபமாக நுழைந்தால் சரி. எதிரே நிற்பவர் கண்ணுக்குக் கழுத்துப்பட்டை ஆங்கிலச் சின்ன 'ஒய்' (y) போலத் தெரியும். செல்ஃபியில் பக்கம் மாறித் தெரிந்தால் பதற வேண்டாம், முன்பக்கக் கேமரா இடம் வலத்தை மாற்றிக் காட்டும்.

தைக்கக் கொடுக்கும்போது இதைத் தையல்காரரிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். பெண்கள் சட்டைக்கு வலப்பக்கம் மேலே வரும்படி தைப்பதுதான் வழக்கம். பழக்கதோஷத்தில் அப்படியே வெட்டிவிடுவார். எனக்கு அப்படித்தான் ஆனது, முழுக்கப் பிரித்துத் தைத்தோம்.

நடக்க நடக்கப் பட்டை நெகிழும். உள்மடிப்பில் ஒரு பிரஸ் பட்டன் போதும். சேஃப்டி பின் மெல்லிய துணியைக் கிழித்துவிடும்.

முகப்புள்ளிகளுக்கு வாட்டர்ப்ரூஃப் ஐப்ரோ பென்சில். கதையில் மாவோமாவோவே அழகை மறைக்கத் தானாக வரைந்துகொள்பவைதானே அவை! அதனால் கொஞ்சம் கோணலாக வந்தாலும் பாதகமில்லை.