டிரம் மெஷினை நம்பி ஒரு கோதிக் ராக் குழு

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் 1980-இல் உருவான தி சிஸ்டர்ஸ் ஆஃப் மெர்சி என்ற கோதிக் ராக் (இருண்ட மனநிலை கொண்ட ராக் இசை) குழு, டிரம்ஸ் வாசிக்க ஆள் வைக்காமல், தாளத்தைத் தானே வாசிக்கும் மெஷினிலேயே பெயர் வாங்கியது. அந்த மெஷினுக்கு டாக்டர் அவலாஞ்ச் என்று பெயரும் சூட்டினார்கள். அந்த வழியில் போக நினைத்தால், மற்ற எல்லாவற்றையும் மெஷினுக்கு ஏற்ப அமைக்க வேண்டும்.

முதலில் தாளம். 4/4, அதாவது ஒரு பாருக்கு (தாளச் சுற்றுக்கு) நான்கு அடி; வேகம் நிமிடத்துக்கு 120 முதல் 140 அடி. ஒன்றிலும் மூன்றிலும் கிக் (பெரிய டிரம்), இரண்டிலும் நான்கிலும் ஸ்னேர் (கூர்மையாக ஒலிக்கும் சிறிய டிரம்), ஹை-ஹாட் (ஜோடித் தாளத் தட்டு) அரை அடிக்கு ஒன்று. நிறைய ஃபில் (இடையே வரும் அலங்கார அடிகள்) போடாதீர்கள். சலிக்காத ஒரே அடிதான் இந்த இசையின் அழகு. அமைத்த தாளத்தை நோட்டுப் புத்தகத்திலும் எழுதி வையுங்கள். பழைய மெஷின்களில் பேட்டரி தீர்ந்தால் எல்லாம் அழிந்துவிடும்.

மெட்டை பேஸ் கிட்டார் தூக்கிப் போக வேண்டும். விரலால் வேண்டாம், பிக்கால் (மீட்டும் சிறு வில்லையால்), பிரிட்ஜை (தந்திகளைத் தாங்கும் அடிக்கட்டையை) ஒட்டி வாசியுங்கள். கோரஸ் பெடலில் (ஒலியை இரட்டிப்பதுபோல் அலையவைக்கும் கருவியில்) ரேட் (அலையும் வேகம்) குறைவாக, டெப்த் (அலையும் அளவு) பாதியாக இருக்கட்டும். கூட்டினால் கீழ்ச் சுரங்கள் அலைபாய்ந்து கிக்கோடு ஒட்டாது.

கிட்டாருக்கு டிலே, அதாவது எதிரொலி தரும் கருவி. இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். 60,000-ஐ வேகத்தால் வகுத்தால் ஓர் அடியின் நீளம் மில்லிசெகண்டில் கிடைக்கும். 120-க்கு 500. அதில் முக்கால் பங்கு, 375, டிலேயில் வையுங்கள். அரை அடிக்கு ஒரு சுரமாக மீட்டினால், எதிரொலி சரியாக இரண்டு சுரங்களுக்கு நடுவே விழும். ஒருவர் வாசிப்பது இருவர் வாசிப்பதுபோல் கேட்கும். எதிரொலி இரண்டு மூன்று முறை போதும். குத்துமதிப்பாக வைத்தால் தப்பு அப்பட்டமாகத் தெரியும், ஏனென்றால் மெஷின் உங்களுக்காக வளைந்து கொடுக்காது.

மேடையில் மெஷினை கிட்டார் ஆம்ப்பில் சொருகாதீர்கள். கிக்கின் அடிக்கனம் போய்விடும். டிஐ பாக்ஸ் (கருவியின் ஒலியை மிக்ஸருக்கு ஏற்றதாக்கும் பெட்டி) வழியாக மிக்ஸருக்கு அனுப்புங்கள். மெஷினைக் கேட்க, பேஸ் வாசிப்பவர் காதருகே ஒரு மானிட்டர் (மேடை ஸ்பீக்கர்) கட்டாயம். பாட்டின் தொடக்கத்தில் ஒரு பார் ஹை-ஹாட் மட்டும் வையுங்கள். பாடகர் இடம் தவறினால் யாரும் நிறுத்தக் கூடாது, அடுத்த நான்காவது பாரில் சேர்ந்துகொள்ளப் பழகுங்கள்.

வெளியீட்டுக்கு 7 அங்குல இசைத்தட்டு என்றால், நிமிடத்துக்கு 45 சுழற்சியில் ஒரு பக்கத்துக்குச் சுமார் 4 நிமிடம். நீண்டால் பள்ளங்கள் நெருங்கி ஒலி மங்கும். 1979-இல் பௌஹவுஸ் குழுவின் ஒன்பது நிமிட முதல் பாட்டு 12 அங்குலத்தில்தான் வந்தது. கிக்கும் பேஸும் மோனோவாக (இரு ஸ்பீக்கரிலும் ஒரே ஒலியாக) நடுவில் இருக்கட்டும். பேஸில் ஸ்டீரியோ கோரஸ் போட்டு அனுப்பினால் ஊசி துள்ளும்.