முருங்கைக்கீரைப் பொடி: குழுவாகச் சேர்ந்து தொழில் தொடங்க நினைப்பவர்களுக்கு

கரூர், திண்டுக்கல் பக்கம் முருங்கைக்காய் விலை இறங்கினால் பறிகூலிக்கே கட்டாது என்று காயை மரத்திலேயே விட்டுவிடுவார்கள். இலைக்கு அந்தக் கதி இல்லை. வெட்ட வெட்டத் துளிர்க்கும், காயவைத்துவிட்டால் மாதக்கணக்கில் தாங்கும். எங்கள் மகளிர் குழு பொடி போட்டு விற்பதைப் பார்த்துவிட்டுப் பக்கத்து ஊர்க்காரர்கள் விவரம் கேட்கிறார்கள். அவர்களுக்காக இதை எழுதுகிறேன். குழு ஆரம்பிப்பது, தீர்மானம் போடுவது, வங்கிக் கணக்கு எல்லாம் உங்களுக்கே தெரியும் என்பதால் நேராக வேலைக்கு வருகிறேன்.

1. எந்த மரத்து இலை?

காய்க்காக வளர்க்கும் தோட்டத்தில் ஈ, புழுவுக்கு மருந்து அடித்திருப்பார்கள். இலவசமாகவே கொடுத்தாலும் அந்த இலை வேண்டாம். வீட்டு மரம், வேலியோர மரம், இல்லையென்றால் இலைக்கென்றே நெருக்கி நட்ட பாத்தி. புதிதாகப் போடுகிறவர்களுக்குப் பெரியகுளத்தில் 1989ல் வெளியான பிகேஎம்-1 ரகம் போதும். விதையிலேயே வரும், கிளையை ஒடித்துவிட்டால் புதராகத் தழையும்.

காலையில் பனி ஈரம் காய்ந்ததும் ஒடித்து, வெயில் ஏறுவதற்குள் கொண்டுவந்துவிடுங்கள். சாக்கில் அடைக்காதீர்கள், உள்ளே சூடேறி இலை வெந்துபோகும்.

2. அலசுதல், உருவுதல்

கொத்தாகவே இரண்டு தண்ணீரில் அலசி, கடைசியாக உப்புத் தண்ணீரில் முக்கி எடுத்து, கொடியில் தொங்கவிட்டுத் தண்ணீரை வடியவிடுங்கள். பிறகு உருவலாம். வீட்டில் சமையலுக்கு, துணியில் சுற்றி ராத்திரி முழுக்க வைத்தால் காலையில் இலை தானாக உதிரும். பொடிக்கு அந்த வழி ஆகாது. இலை மஞ்சளாகிவிடும், வாசமும் மாறும். கையால்தான் உருவ வேண்டும். இந்தத் தொழிலில் ஆள்வேலை அதிகம் பிடிப்பது இங்கேதான். கூலிக் கணக்கில் இதற்குத் திரும்ப வருகிறேன்.

3. காயவைத்தல்

எங்களைப் பாடாய்ப் படுத்திய இடம் இது. நேர் வெயில் பட்டால் பச்சை வெளுத்துச் சருகு நிறம் வந்துவிடும். காற்றில்லாத நிழலில் போட்டால் பூஞ்சை பிடிக்கும். காற்றோட்டமான நிழல் வேண்டும். சவுக்குக் கட்டையில் சட்டம் அடித்து, நைலான் வலை கட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கு போட்டுக்கொள்ளுங்கள். கீழேயும் காற்று போகும். தரையில் தார்ப்பாய் விரிப்பதை நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன், அடிப்பக்கம் வியர்க்கும். இலையை மெல்லிசாகப் பரப்பி, அவ்வப்போது புரட்டிவிடுங்கள்.

காய்ந்ததா என்று இலையைத் தொட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இலை மொறுமொறுவென்று இருக்கும்போதே அதோடு வந்த சின்ன ஈர்க்கில் ஈரம் இருக்கும். அந்த ஈர்க்கை எடுத்து வளையுங்கள். வளைந்தால் இன்னும் காய வேண்டும், 'டிக்'கென்று ஒடிந்தால் எடுக்கலாம். சாயங்காலக் காற்றின் ஈரத்தைக் காய்ந்த இலை மறுபடி குடித்துக்கொள்ளும். அதனால் உச்சி வெயில் நேரத்திலேயே அள்ளி, மூடி இறுக்கமான டப்பாவில் போட்டுவிடுங்கள்.

4. அரைத்தல்

மிளகாய், மல்லி அரைக்கும் மில்லுக்குக் கொண்டுபோகாதீர்கள், அந்த வாடை போகவே போகாது. ஆரம்பத்தில் இதற்கென்று தனி மிக்ஸி போதும். விற்பனை நிலைத்த பிறகு சின்ன பல்வரைசர் (பொடி அரைக்கும் மெஷின்) வாங்கலாம். கடன் கிடைக்கிறதே என்று முதலில் மெஷினை வாங்கிப் போட்டுவிட்டுச் சரக்குக்கும் சந்தைக்கும் அலையும் குழுக்களைப் பார்த்தால் மனசு வலிக்கிறது.

அரைத்ததும் பொடி சூடாக இருக்கும். நன்றாக ஆறவிட்டுச் சலித்து, பிறகு பாக்கெட் போடுங்கள். சூட்டோடு அடைத்தால் உள்ளே வியர்த்துக் கட்டி பிடிக்கும். வெளிச்சம் புகாத அலுமினியக் கவர்தான் நல்லது. கண்ணாடிக் கவரில் பச்சை பளிச்சென்று தெரியும், ஆனால் கடை அலமாரியில் சீக்கிரம் வெளுத்துவிடும்.

5. விலை

கொத்தாக 10 கிலோ எடுத்தால், காம்பு கழித்து, காய்ந்து, அரைத்த பிறகு சுமார் 1 கிலோ பொடி நிற்கும். உதாரணத்துக்கு ஒரு கணக்கு: இலை 200 ரூபாய், அலசி உருவும் கூலி 200, அரைவை 30, கவரும் லேபிளும் 60, வண்டிச் செலவு 40. மொத்தம் 530. 100 கிராம் பாக்கெட்டின் அடக்கம் 53 ரூபாய்.

60 ரூபாய்க்கு விற்றால் லாபம் போலத் தெரியும். கடைக்காரர் 20 சதவீதம் எடுத்தால் கைக்கு வருவது 48, பாக்கெட்டுக்கு 5 ரூபாய் நஷ்டம். 80 வைத்தால் 64 வரும், 11 ரூபாய் நிற்கும்.

60க்கே கட்டும் என்று சொல்லும் குழுக்களிடம் நோட்டை வாங்கிப் பாருங்கள், உருவும் கூலி எழுதியிருக்காது. "நம்ம பொம்பளைங்கதானே, சும்மா உட்கார்ந்த நேரம்" என்பார்கள். அது சும்மா நேரம் இல்லை. நூறு நாள் வேலைக்கோ களையெடுக்கவோ போயிருந்தால் கூலி கிடைத்திருக்கும். அந்தக் கூலியை ஒவ்வொரு வாரமும் கையில் கொடுத்துவிடுங்கள், ஆண்டுக் கடைசி லாபத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளாதீர்கள். குழு கலைவதற்கு நான் பார்த்த முதல் காரணம் இதுதான்.

6. பதிவு, லேபிள்

உணவுப் பாதுகாப்புப் பதிவு கட்டாயம். நாங்கள் பதிந்தபோது ஆண்டு விற்பனை 12 லட்சத்துக்குள் இருப்பவர்களுக்குக் கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு இலவசம், அதற்குப் பணம் கேட்கும் இடத்தில் நிற்காதீர்கள். லேபிளில் 14 இலக்கப் பதிவு எண், எடை, விலை, தயாரித்த தேதி, தொகுதி (பேட்ச்) எண், முகவரி, சைவம் என்று காட்டும் பச்சைப் புள்ளி எல்லாம் இருக்க வேண்டும். 'சர்க்கரை நோயைக் குணமாக்கும்' என்று போடாதீர்கள். சட்டப்படி தவறு, நம்பி மாத்திரையை நிறுத்துகிறவர் உயிருக்கும் ஆபத்து.

2020ல் வந்த பிரதம மந்திரி குறு உணவுத் தொழில் திட்டத்தில் இயந்திரத்துக்கு 35 சதவீத மானியமும், குழு உறுப்பினருக்கு 40,000 ரூபாய் வரை தொடக்க மூலதனமும் அறிவித்திருந்தார்கள். இப்போதைய நிலவரத்தை மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

7. விற்பனை

ஊர்க்கடை, வாரச்சந்தை, மகளிர் குழுப் பொருட்களை விற்கும், அரசு மகளிர் திட்டத்தின் 'மதி' அங்காடி. ஆன்லைன் பிறகு பார்க்கலாம். ஊர்க்கடைக்குச் சின்னப் பாக்கெட்டாகப் போடுங்கள், 100 கிராம் அங்கே நகராது.

பின்சேர்க்கை: ஐப்பசி அடைமழையில் என்ன செய்வது என்று சிலர் கேட்டிருந்தார்கள். மின்விசிறி மட்டும் வைத்தால் ஈரக்காற்றுதான் சுற்றும். சூரிய உலர்த்தியும் மேகம் மூடிய நாளில் சரியாகக் கைகொடுக்காது. நாங்கள் அந்த மாதங்களில் இலை எடுப்பதே இல்லை. புரட்டாசிக்குள் காய்ந்த இலையைச் சேர்த்து வைத்து, ஆர்டர் வரும்போது மட்டும் அரைக்கிறோம். பொடியைவிட முழு இலை நிறம் மாறாமல் கூடுதல் நாள் நிற்கிறது.